நாவலாசிரியர் வாய் திறந்திருந்த நேரம்

“இன்னும் கொஞ்சம் பெரிசாத் திறங்க, மிஸ்டர் பென்னிங்கர்” என்று சொன்னது தன் குரல்தானா என்று அரசிக்கே சந்தேகமாகிவிட்டது. காலையிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது இதையா? உங்க புத்தகத்தைப் படிச்சேன், அதுல வர்றவ நான் இல்லை. இவ்வளவுதான், சின்ன வாக்கியம். காரில் வரும்போது சத்தமாகவே சொல்லிப் பார்த்தாள். இங்கிலீஷில் சொன்னால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது, தமிழில் சொன்னால் தெருச்சண்டை மாதிரி இருந்தது, சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்த அம்மாள் இவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். ஆகஸ்ட் மாதத்து ஃப்ளோரிடா, மன்னார்குடியே தேவலை என்கிற புழுக்கம். உள்ளே வந்தால் ஏசி எலும்பில் குத்துகிறது. அந்தக் குளிரில் நாவலாசிரியர் லாயிட் பென்னிங்கர் நாற்காலியில் மல்லாந்து கிடக்கிறார். எழுபது தாண்டின உடம்பு, விளக்கு கூசாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி, நெஞ்சில் நீலக் காகிதத் துண்டு, வாய் இவள் விரல்களுக்கு நடுவில். ஆள் சிக்கியாச்சு, அதுவும் திருப்பிப் பேச முடியாதபடி சிக்கியாச்சு, இதைவிட நல்ல நேரம் உனக்கு எப்போடி வாய்க்கும், சொல்லேன் என்றது மனசு. சொன்னால் டாக்டர் பிராடி? என்றது அதே மனசு, அடுத்த மூச்சில். அரசி சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுக் கீழ்வரிசைப் பற்களின் பின்பக்கத்தைப் பார்த்தாள். காரை ஏகமாகப் படிந்திருந்தது.

டாக்டர் பிராடி நல்ல மனுஷன், அதுதான் தொல்லையே. கெட்டவனாக இருந்தால் மனசுக்குள் நாலு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு நிம்மதியாகச் சோறு தின்னலாம். சிதம்பரத்தில் பல் டாக்டருக்குப் படித்து, மன்னார்குடியில் போர்டு மாட்டி ரெண்டு வருஷம் பல் பிடுங்கினவள், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததும் அந்தப் பட்டம் செல்லாக்காசாகி, பல் சுத்தம் செய்கிறவர்களுக்கான பரீட்சையை எழுதிவிட்டு வாசல் வாசலாக ஏறி இறங்கினபோது, வா என்று உட்கார வைத்தவர் அவர்தான். அரசி என்று சொல்ல அவருக்கு வராது, ஆரி. முழுப்பேர் மங்கையர்க்கரசி என்று ஒருநாள் சொன்னதற்கு, கூட்ஸ் வண்டி போய் முடியட்டும் என்று ரயில்வே கேட்டில் நிற்கிறவர் மாதிரி பொறுமையாக நின்றார், நின்றுவிட்டு மறுபடியும் ஆரி என்றார். இவள் இங்கே மறுபடியும் டாக்டராக வேண்டுமென்றால் இன்னொரு ரெண்டு வருஷம் படிக்க வேண்டும். அந்தப் படிப்புக்கு உலகம் பூராவும் இருந்து பல் டாக்டர்கள் முண்டியடிக்கிறார்கள். கூட வேலை பார்க்கிற டாக்டர் ஒருவர், இவள் கெட்டிக்காரி, நம்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சிபாரிசு செய்யாவிட்டால் கதவுப் பக்கம்கூட எட்டிப் பார்க்க முடியாது. “வெள்ளிக்கிழமை அனுப்பிடறேன் ஆரி, பிரமாதமா எழுதறேன்” என்று சொல்லியிருக்கிறார். நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை. அப்படிப்பட்டவர் போன வாரம் அந்தப் புத்தகத்தைக் கையில் தூக்கி ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார். “ஆரி, நீ பிரபலமாயிட்டே! லாயிட் உன்னைப் புத்தகத்துல போட்டுட்டான்!” பிராடியும் பென்னிங்கரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், ஒரே படகில் மீன் பிடிக்கப் போகிறவர்கள். கதையில் வருகிற இந்தியப் பெண் உன் கிளினிக்கில் இருக்கிற அந்தப் பெண்தான் என்று படகில் வைத்துப் பென்னிங்கரே சொன்னாராம். வியாழக்கிழமை பல் சுத்தம் செய்ய வருவான், முடிந்ததும் வரவேற்பறையில் ரெண்டு பேரும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், போட்டோ எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிடுவோம் என்றார் பிராடி. இன்றைக்குக் காலையில் வந்தபோது பார்த்தாள். சுவரில் ஆணி அடித்தாகிவிட்டது.

அந்தப் புத்தகத்தை அவள் காரில் உட்கார்ந்துதான் படித்தாள், மளிகைக் கடை வாசலில், வாங்கின தயிர் பின் சீட்டில் புளித்துக்கொண்டு கிடக்க. பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஓவியன் ஒருவன் ஊர் ஊராகச் சுற்றிக் கடைசியில் கடலோர ஊரொன்றில் பல் வலி என்று போகிறான். அங்கே ஆஷா. ஆஷா மதராஸுக்குப் பக்கத்துக் காட்டிலிருந்து வந்தவள். மதராஸுக்குப் பக்கத்தில் ஏதுடா காடு, தாம்பரத்தையா சொல்கிறாய்? ஆஷாவின் மேல் மிளகாயும் ஊதுவத்தியும் மணக்கிறது. நடந்தால் சத்தம் வராது. பாதாம் கண்கள். பாதாம் கண்கள் என்றுதான் எழுத முடியும், மாஸ்க் போட்டவளிடம் வேறு எதைப் பார்த்தார்? ஓவியன் வரும்போதெல்லாம் தலையைக் குனிந்து டீ கொண்டு வந்து வைக்கிறாள். பல் ஆஸ்பத்திரியில் எவன் டீ கொடுப்பான்? ஆஷா ஒரு வார்த்தை பேசுவதில்லை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு உம், ஒரு ஊஹூம் கிடையாது. அவளுடைய அந்த மௌனத்தைப் பார்த்துப் பார்த்து ஓவியனுக்கு வாழ்க்கை புரிந்துவிடுகிறது. இதற்கெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், சிரிக்கவும் செய்தாள், காடு வந்த இடத்தில் தனியாகச் சத்தம் போட்டே சிரித்தாள். சிரிப்பு நின்றது கழுத்துக்கு வந்தபோது. ஆஷாவின் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு. குனியும்போது வெளியே விழுகிறது. நாய்க்குக் கட்டுகிற வார் என்று ஓவியன் நினைக்கிறான், புருஷன்காரன் எங்கேயோ இருந்துகொண்டு சுண்டினால் இவள் ஓட வேண்டும். அந்தக் கயிற்றில் இரும்பு வளையங்கள் ரெண்டு தொங்குகின்றன. செத்துப்போன குழந்தைக்கு ஒன்றாக அந்த நாட்டுத் தாய்மார்கள் மாட்டிக்கொள்கிற வளையம். அந்த வரியைப் படித்ததும் அரசி புத்தகத்தை மூடினாள், மூடிவிட்டு மறுபடி திறந்தாள், அதே பக்கம் வந்தது.

காரை சுரண்டுகிற ஸ்கேலரை எடுத்தாள். மெல்லிய விசில் சத்தம், தண்ணீர்த் தூவல், எச்சில் உறிஞ்சுகிற சக்‌ஷன் குழாய் கன்னத்தின் உள்பக்கத்தைக் கவ்வி இழுக்கிற சத்தம். பென்னிங்கரின் கட்டைவிரல் நாற்காலிக் கைப்பிடியில் தாளம் போடுகிறது, பயம் போலிருக்கிறது, இருக்கட்டும். இரும்பு வளையமாம்! ஊக்குடா அது, ஊக்கு! தமிழ்நாட்டில் எந்தப் பொம்பளை தாலியில் ஊக்கு இல்லை? ரவிக்கைக் கொக்கி அறுந்தால், முந்தானை நழுவினால், காலில் முள் ஏறினால், பிள்ளை டவுசரில் பட்டன் போனால் கை தன்னால் போய்த் தடவுகிற இடம் அது. இதைக்கூட இந்த ஆள் கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கயிற்றைப் பற்றிக் கேட்டதற்கு எவ்வளவு ஆசையாகச் சொன்னாள்! ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடிப் பதினெட்டுக்குப் புதுக்கயிறு மாற்றின வாரம், மஞ்சள் பிசுக்கு காயாமல் சட்டைக் கழுத்தெல்லாம் கறை. குனிந்தபோது வெளியே வந்து விழுந்தது, அவர் பார்த்தார், அது என்ன என்றார். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அதுவரை யாரும் அவளிடம் எதையும் அது என்ன என்று கேட்டதில்லை. அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி கொட்டினாள். எங்க ஊர்ல ஆத்துல புதுத்தண்ணி வரும், பொம்பளைங்க எல்லாம் கரைக்குப் போவோம், காதோலை கருகமணி வெச்சுப் படைப்போம், புதுக்கயிறு மாத்திப்போம், இங்கே ஆறு எங்கே இருக்கு, ஏரியில பார்த்தா முதலை, அதனால சமையலறைக் குழாய்தான் எனக்குக் காவேரி. சொல்லும்போது அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பு புத்தகத்தில் இல்லை. முதலை இல்லை, குழாய் இல்லை, வாய் இல்லை. கழுத்தும் கயிறும் மட்டும் இருந்தது.

மேல்வரிசைக்கு வந்தாள். இந்தப் பக்கம் ஈறு வீங்கியிருக்கிறது, தொட்டால் ரத்தம் வரும், பார்த்து, பார்த்து. அவளுடைய பெரிய பயம் இதுதான் இப்போது: கை தன்னை மீறிக் கொஞ்சம் அழுத்திவிட்டால்? அழுத்தினால் யாருக்குத் தெரியும், ஈறு வீங்கியிருந்தது டாக்டர் என்றால் போச்சு. ச்சீ, புத்தி போகிறதே. பல்லில் ஆயுதத்தை வைத்துக்கொண்டு நினைக்கிற நினைப்பா இது? விரலைத் தளர்த்தினாள், அளவுக்கு மேல் தளர்த்திவிட்டதால் காரை வரவில்லை, மறுபடி சுரண்டினாள். அவர் “ம்ம்” என்றார். “வலிக்குதா?” என்று பதறிக் கேட்டாள், இல்லை என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பதறியிருக்க வேண்டாம். ஆஷா இப்படித்தான் பதறுவாள். இல்லை, ஆஷா பதறவே மாட்டாள், பதறினால் சத்தம் வருமே. இந்த வாரம் முழுக்க இதே ரோதனை. குனிந்தால் ஆஷா குனிகிறாள், மெதுவாக நடந்தால் ஆஷா நடக்கிறாள். முந்தாநாள் சும்மா இருந்த வரவேற்பறைப் பெண்ணிடம் போய் வானிலை, புயல், பெட்ரோல் விலை என்று வாய் ஓயாமல் பேசினாள், பேசக்கூடியவள் என்று நிரூபிக்க, அந்தப் பெண், “ஆரி, இன்னிக்குக் காபி ரெண்டு குடிச்சியா?” என்று கேட்டது. காலையில் வீட்டில் தாளிக்கிறபோது ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து, தலைமுடியை மோந்து பார்த்து, மறுபடி குளித்துவிட்டு வந்தாள். மிளகாய் மணக்கிறதா? மணந்தால் என்ன, சாப்பிடுகிற சாமான்தானே? மணந்தால் என்ன என்று கேட்கிறவள் எதற்கடி ரெண்டாம் தரம் குளித்தாய்?

“விட்டுத் தள்ளு” என்றான் சேரலாதன், அவள் புருஷன், நேற்றுச் சாயங்காலம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே. “கதைதானே? நம்ம சினிமாவுல சேட்டு வந்து அரைத்தமிழ் பேசினா நாம விழுந்து விழுந்து சிரிக்கலையா? சேட்டு வீட்டுல அன்னிக்கு யாராவது அழுதிருப்பாங்க, நமக்குத் தெரியுமா?” அவன் சொன்னதில் ஞாயம் இருந்தது, ஞாயம் இருந்ததுதான் எரிச்சல். “அதுக்கும் இதுக்கும் என்னங்க?” “ஒண்ணுமில்ல. ஒரு போட்டோ. ஈன்னு பல்லைக் காட்டிட்டு நில்லு. வெள்ளிக்கிழமை காரியம் ஆகணும் இல்ல?” “நாய்க்கு வார்னு எழுதியிருக்கான், இழுக்கறவன் நீங்க.” அவன் கத்தியைக் கீழே வைத்தான். “நான் இழுத்து நீ எப்போ வந்திருக்கே?” என்றான். சிரித்துவிட்டார்கள் ரெண்டு பேரும். சிரித்தபிறகு அவன் முகம் தொங்கிப்போனதை இவள் பார்த்தாள், பார்க்காத மாதிரி அரிசி கழுவினாள். அவனிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. பென்னிங்கரின் பழைய நாவல்களையெல்லாம் ஊர் நூலகத்தில் வாங்கி வந்து கார் டிக்கியில் ஒளித்து வைத்து ஒன்றுவிடாமல் புரட்டிப் பார்த்துவிட்டாள், ஒருவேளை நான்தான் ஒன்றை ஒன்பதாக்குகிறேனோ என்று. ஒன்றில் சலவைக் கடைச் சீனாக்காரன், கும்பிட்டுக் கும்பிட்டே முதுகு வளைந்தவன். ஒன்றில் வியட்நாம் நர்ஸ், பீங்கான் பொம்மை. ஒன்றில் லாட்ஜ் நடத்துகிற குஜராத்தி, ராத்திரியெல்லாம் சில்லறை எண்ணுகிறவன். எல்லாரும் டீ கொண்டு வருகிறார்கள், எல்லாருக்கும் கண்ணில் ஏதோ பழங்கால சோகம், முக்கால்வாசிப் பேர் கடைசியில் செத்துப்போகிறார்கள், அதைப் பார்த்து வெள்ளைக்காரனுக்கு ஞானம் வருகிறது. ஒருத்தருக்காவது பல் வலிக்கவில்லை. ஒருத்தராவது, யோவ் தள்ளி நில்லு என்று சொல்லவில்லை. அந்த வரிசையில் கடைசியாகத் தன்னைக் கொண்டு நிறுத்தியிருக்கிறான் என்று தெரிந்தபோது ஒரு பக்கம் ஆறுதல், அப்பாடா, நான் மட்டும் இல்லை. இன்னொரு பக்கம் ஆத்திரம், டிக்கியை அடித்துச் சாத்தினாள்.

தாலி விஷயத்தில் அவளுக்கு இன்னொரு வயிற்றெரிச்சல். கல்லூரிப் பட்டிமன்றத்தில், தாலி வேண்டாம் என்கிற கட்சியில் நின்று பேசிக் கைதட்டு வாங்கினவள் அவள். அடிமைச் சின்னம், சுருக்குக் கயிறு, ஆணுக்கு ஏன் இல்லை ஒரு கயிறு என்று மைக் அதிர முழங்கி ஒரு சில்வர் குடம் பரிசு வாங்கி வந்தாள், குடம் இன்றைக்கும் மன்னார்குடியில் மோர் ஊற்ற உதவுகிறது. கல்யாணத்தன்று அம்மா முகத்துக்காகக் கழுத்தை நீட்டினாள். அப்புறம் பழகிவிட்டது, குளிக்கும்போது ஈரமாகும், வெயிலில் உறுத்தும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட கயிற்றின்மேல், இந்த ஆள் நாய் வார் என்று எழுதினதும், எங்கிருந்தோ பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டதே! நான் சொன்னால் வேறு, நீ சொன்னால் வேறு, என் வீட்டில் நான் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது நீ யாரடா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துப் பாவம் என்கிறது? இனிமேல் அவள் அதைக் கழற்றிப் போட்டாலும் அவன் சொல்லிக் கழற்றின மாதிரி ஆகும், போட்டுக்கொண்டிருந்தாலும் அவனுக்காகப் போட்டுக்கொண்டிருக்கிற மாதிரி. இன்றைக்குக் காலையில் கயிற்றைச் சட்டைக்குள் இழுத்து உள்ளாடையோடு சேர்த்துக் குத்திக்கொண்டாள், வெளியே விழக்கூடாதென்று. குத்தினது எதனால்? அதே ஊக்கால்தான். அதைத் தொட்டால் இப்போதெல்லாம் விரல் நின்றுவிடுகிறது. ஒன்று, ரெண்டு. இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம் மூன்றாம் மாசத்தில் ஒன்று கலைந்தது. சேரலாதனுக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும், வேறு ஈ காக்கைக்குத் தெரியாது, அம்மாவுக்குக்கூட. பென்னிங்கருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. சும்மா, கதை ருசிக்கட்டும் என்று எழுதினது. ஆனால் படித்ததிலிருந்து அந்த ரெண்டு ஊக்கில் ஒன்று அதுவாகிவிட்டது. இன்னொன்று எது, இனிமேல் வரப்போவதா என்று மனசு கேட்கிறது, கேட்டுவிட்டு அதுவே நடுங்குகிறது. ஒரு மனுஷன் உட்கார்ந்த இடத்தில் கற்பனை பண்ணினது இவ்வளவு தூரம் வந்து வயிற்றுக்குள் கையை விடுமா? விட்டிருக்கிறதே.

பாலிஷ் போடுகிற கட்டம் வந்துவிட்டது. புதினா வாசனைக் களிம்பு, சுழலுகிற சின்ன ரப்பர்க் கிண்ணம், ஒவ்வொரு பல்லாக. இது முடிந்தால் கொப்பளிப்பார், பல் இடுக்குகளில் நூல் விட்டுச் சுத்தம் செய்தால் தீர்ந்தது, டாக்டர் வந்து பார்ப்பார், அப்புறம் போட்டோ. வேண்டுமென்றே மெதுவாகப் போட்டாள். கடைவாய்ப் பல்லுக்கு ரெண்டாம் தரம் போனாள். இப்போது சொல்லு. இந்தப் பல் முடிந்ததும் சொல்லு. அடுத்த பல் முடிந்ததும். சொல்லி, அவர் கோபித்துக்கொண்டு, பிராடியிடம் போய், லாயிட் பள்ளிக்கூடத்து சிநேகிதன், நான் மூன்று வருஷக் கூலி, யார் பக்கம் நிற்பார்? அதுவும் பிராடி கத்த மாட்டார். வருத்தப்படுவார். ஆரி, உனக்கு நல்லது செய்யறதா நினைச்சேனே என்பார், நாளைக்கு எழுதும்போது பிரமாதம் என்கிற இடத்தில் பரவாயில்லை என்று எழுதுவார், அவருக்கே தெரியாமல் எழுதுவார். பரவாயில்லை என்று எழுதப்பட்டவளுக்கு எவன் இடம் கொடுப்பான்? அப்போ ஆயுசு முழுக்க அடுத்தவர் பல்லில் காரை சுரண்ட வேண்டியதுதான். வாய் கழுவுங்கள் என்று கோப்பையைக் கொடுத்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், கொப்பளித்துத் துப்பினார், நாக்கால் பற்களைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நல்ல நீலக் கண், குழந்தைக் களை உள்ள முகம். “படிச்சியா ஆரி?” என்றார். அரசியின் வாய் திறந்தது. “படிச்சேன். ரொம்ப நல்லாயிருந்தது” என்று சொல்லிவிட்டது. அடிப்பாவி! எவள் சொன்னாள் அதை? அவள் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை, மூன்று வருஷமாக எல்லா பேஷண்டுக்கும் தேங்க் யூ, நைஸ், குட் ஜாப் சொல்லிப் பழகின நாக்கு சொல்லிவிட்டது. காது மடல் கொதித்தது.

“உனக்குப் பிடிக்கும்னு தெரியும்” என்றார் பென்னிங்கர். குரலைத் தாழ்த்தினார், ரகசியம் சொல்கிறவர் மாதிரி. “ரெண்டாம் பாகம் எழுதிட்டிருக்கேன். ஆஷாவோட புருஷன் செத்துப்போறான். எனக்கு நீதான் ஒரு உதவி பண்ணணும். புருஷன் செத்தா அந்தக் கயிறு என்னாகும்? அறுப்பாங்களா, எரிப்பாங்களா? யார் பண்ணுவாங்க? அந்த நேரத்துல அவ என்ன பண்ணுவா, அழுவாளா?” பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துப் பதிவு செய்யத் தயாராக மடியில் வைத்துக்கொண்டார். அரசியின் கை அவளைக் கேட்காமல் நெஞ்சுக்குப் போனது, கிளவுஸோடு, களிம்போடு. பட்டிமன்றக்காரியின் கை! வாயைக் கழுவு என்று திட்டலாம் என்றால், இத்தனை நேரம் அதைத்தான் கழுவிவிட்டிருக்கிறாள். சேரலாதன் இந்நேரம் ஆபீஸில் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பான், விக்கியிருக்கும் அவனுக்கு. அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் துளி இல்லை, பூ எப்படிப் பூக்கும் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். அவள் அப்பா சபாபதி லாரி புக்கிங் ஆபீஸில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனார், அவள் சிதம்பரத்தில் ரெண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் விடிவதற்கு முன்னால் அம்மாவைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, கல்யாணப் பெண்ணாட்டம். வயசுப்பெண் பார்க்கக்கூடாது என்று பெரியத்தை கதவைச் சாத்தினாள். அரசி தோளால் முட்டிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். உள்ளே யார் யார் நின்றார்கள், அம்மா எப்படி உட்கார்ந்திருந்தாள், யார் கை நீண்டது, அப்போது அம்மா என்ன செய்தாள் என்பதெல்லாம் அவளுக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. அதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவள் இதுவரைக்கும் சேரலாதனிடம்கூடச் சொன்னதில்லை, நான் யார் சொல்வதற்கு?

“ஆரி?” என்றார் பென்னிங்கர். “எனக்குத் தெரியும், மிஸ்டர் பென்னிங்கர்” என்றாள் அரசி. “நேர்ல பார்த்திருக்கேன். ஆனா சொல்ல மாட்டேன்.” அவர் புருவத்தைத் தூக்கினார், அப்புறம் புரிந்துகொண்டவர் மாதிரி தலையாட்டினார். “புனிதமான விஷயம், இல்லையா? வெளியில சொல்லக்கூடாது. பரவாயில்லை, நானே கற்பனை பண்ணிக்கிறேன்.” போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். நானே கற்பனை பண்ணிக்கிறேன். எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்! பண்ணிக்கொள்வார், அதில் என்ன சந்தேகம், காட்டைப் பண்ணினவர், வளையத்தைப் பண்ணினவர். மொட்டையடிப்பார், நெருப்பில் தள்ளுவார், பாம்புகூட வரும். அப்போ உண்மையைச் சொல்லிவிடட்டுமா, சரியாகவாவது எழுதட்டுமே? சொன்னால் அம்மாவை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கயிறு மாதிரி, வாயில்லாமல், முகமில்லாமல் தொங்கவிடுவார். சொல்லாவிட்டால் நடக்காத ஒன்றை அம்மா மாதிரிப் பெண்களுக்கு நடந்ததாக ஊருக்குக் காட்டுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கிறது. கதவைத் திறந்துகொண்டு டாக்டர் பிராடி வந்தார், கையில் போன், முகமெல்லாம் பல். பென்னிங்கரின் வாய்க்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அருமையாப் பண்ணியிருக்கா, பார்த்தியா? வாங்க வாங்க, வெளியில வெளிச்சம் நல்லாயிருக்கு, போட்டோ எடுத்துடலாம்” என்றார். அரசி நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றாள். “போட்டோ வேண்டாம் டாக்டர்.” “ஏன், என்னாச்சு?” “வெட்கப்படறா” என்றார் பென்னிங்கர், பிரியமாகத்தான். அரசி மாஸ்க்கைக் கழற்றினாள். ரெண்டு வருஷத்தில் அவர் அவளுடைய மூக்கையும் வாயையும் பார்ப்பது இதுதான் முதல் தடவை, அவர் கண் கொஞ்சம் தடுமாறியது. “வெட்கம் இல்லை, மிஸ்டர் பென்னிங்கர். நீங்க கேட்டது எங்க அம்மாவுக்கு நடந்தது. நீங்க என்ன வேணும்னாலும் கற்பனை பண்ணிக்கோங்க, அதைத் தடுக்க என்னால முடியாது. பக்கத்துல நான் நிக்க மாட்டேன்.” சொல்லி முடிக்கிறபோது குரல் கீச்சென்று ஏறிவிட்டது, இங்கிலீஷ் எங்கேயோ இடறியது, பரவாயில்லை, சொன்னது சொன்னதுதான். அறையில் சக்‌ஷன் குழாய் மட்டும் இன்னும் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது, அணைக்க மறந்திருக்கிறாள். பென்னிங்கர் நெஞ்சிலிருந்த நீலக் காகிதத் துண்டை நீவிவிட்டுக்கொண்டார். டாக்டர் பிராடி அவரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், போனை மெதுவாகச் சட்டைப் பைக்குள் விட்டார். நல்ல மனுஷன், கத்தவில்லை. அவர் என்ன நினைக்கிறார் என்று அந்த முகத்தில் தேடிப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. நாளைக்குத்தான் தெரியும். அப்பா நாற்காலியில் போனார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு அப்புறம் இப்படி ஒரு பயம் அவளுக்கு வந்ததில்லை. “இன்னும் நூல் விடலை டாக்டர்” என்றாள். பென்னிங்கர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பின்னால் சாய்ந்து, அவள் சொல்லாமலே வாயைத் திறந்தார்.